விரலுக்கு விலை வைப்பது யார்?

வேலைக்குப் போன இடத்தில் ஒருவன் செத்துப்போனால் பிணவறை வாசலுக்கு முதலில் வந்து சேருகிறவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? தொழிலாளர் துறை அதிகாரி வரமாட்டார். முதலாளி வரவே மாட்டார். காண்டிராக்டரின் ஆள் வருவான். கூடவே ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு 'பெரிய மனுசன்' வருவார். ஒருவர் பையில் பணக்கட்டு, இன்னொருவர் கையில் முத்திரைத் தாள். 'ஆனது ஆயிப்போச்சு. போன உசுரு திரும்பியா வரப்போகுது? புள்ளைங்க படிப்புக்காவது ஆகும், வாங்கிக்கம்மா' என்று பேச்சு தொடங்கும். அழுது ஓய்ந்த பெண்ணின் பெருவிரல் அந்தத் தாளில் பதிந்ததும் பேச்சு முடிந்துவிடும். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பல நேரங்களில் பக்கத்தில் நின்ற நமது சங்கத் தோழருக்கும் தெரியாது. 'அம்பதாயிரத்துக்கு ஒத்துக்கிட்டான், நாமதான் பேசி ஒரு லட்சமாக்கினோம்' என்று அவர் பெருமையோடு வீடு திரும்புவார்.

அவருடைய நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு லட்சத்தில் அந்தக் குடும்பம் எத்தனை லட்சத்தை இழந்தது என்ற கணக்கை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும்.

விபத்துக்குச் சாதி கிடையாது என்பார்கள். வேலைக்கு இருக்கிறதே! மலக்குழிக்குள் இறங்குகிறவர் யார்? தோல் பதனிடும் டிரம்முக்குள் தலையை விட்டுக் கழுவுகிறவர் யார்? கல் குவாரியில் துளை போட்டு மருந்து கெட்டிப்பவர் யார்? பம்பாய் மில்களில் கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாத தொழிலாளர்களை விடவில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்பது காரணம். சங்கங்கள் அதைக் கண்டும் காணாமல் இருந்ததை அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளை அவர் அடையாளம் காட்டியது இந்த அனுபவத்திலிருந்துதான். கூலி கூடிய இடத்தில் வாசலை அடைத்தவர்கள் ஆபத்து கூடிய இடத்தில் வாசலை நமக்காகத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே நட்டஈட்டு வழக்கு என்பது சங்க அலுவலகத்தில் ஒரு மூலையில் ஒரு குமாஸ்தா பார்த்துக்கொள்ள வேண்டிய காகித வேலை ஆகாது. அது சாதி ஒழிப்பு இயக்கத்தின் வேலையும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நான்கு தொகுப்புகளையும் சேர்த்துத் தொழிலாளர் உரிமைகள் எப்படியெல்லாம் வெட்டப்பட்டன என்பது தனியே பேச வேண்டிய விஷயம். நட்டஈட்டைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் எலும்புக்கூடு ஏழாம் அத்தியாயமாக அப்படியே உள்ளே வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின்படியான உரிமை செத்துவிடவில்லை. கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு.

நமக்கு முக்கியமான ஒன்று இதற்குள் இருக்கிறது. நட்டஈட்டு ஆணையர் முன் வழக்கறிஞர்தான் நிற்க வேண்டும் என்றில்லை. பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி, தொழிலாளியின் எழுத்து மூலமான அதிகாரத்தோடு, மனுப் போடலாம், ஆஜராகலாம், வாதாடலாம். நூறு ஆண்டாக இந்தக் கதவு திறந்து கிடக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் வழியாக உள்ளே போயிருக்கிறோம்?

முதல் நாள்

வழக்கின் பாதி முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. விரல் நசுங்கியவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது சூப்பர்வைசர். 'எப்படி ஆச்சு?' என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்வதும் அவன்தான். 'வீட்டுல வழுக்கி விழுந்துட்டான் சார்.' அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து முதலாளியின் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் வழக்கை முறிப்பார். எனவே சங்கத் தோழர் முதலில் ஓட வேண்டிய இடம் கம்பெனி கேட் அல்ல, ஆஸ்பத்திரி. வேலையிடத்தில், இந்த மெஷினில், இத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் அன்றைக்கே திருத்தம் கேட்டு மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில் எல்லாம் ஒரே பையில் சேர வேண்டும். சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளி கொடுக்க வேண்டும் என்பது 2009 திருத்தத்தில் வந்த உரிமை. பில் இல்லாவிட்டால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

அடுத்து காவல் நிலையம். மரணம் என்றால் 'சந்தேக மரணம்' என்று எழுதி முடிக்கவே பார்ப்பார்கள். எப்.ஐ.ஆரில் முதலாளி பெயரும் காண்டிராக்டர் பெயரும் வேலையிடத்தின் பெயரும் வருகிறவரை நகரக் கூடாது. கூட வேலை செய்தவர்கள் பயப்படுவார்கள். நாளைக்கு அவர்களுக்கும் அங்கேதான் கூலி. அன்று இரவே அவர்கள் வீட்டுக்குப் போய், கண்டதைக் கண்டபடி எழுதி வாங்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அவர்கள் வேறு ஊர் சைட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

முதலாளிக்கு விபத்து பற்றிய அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அறிவிப்பு தவறினாலும், விபத்து முதலாளிக்குத் தெரியும் என்று காட்டினால் போதும், கோரிக்கை விழாது. ஒரு மரணம் பற்றி எந்த வழியில் தகவல் கிடைத்தாலும், முப்பது நாளுக்குள் விளக்கம் கொடு என்று முதலாளிக்கு ஆணையர் நோட்டீஸ் அனுப்பலாம். எந்த வழியிலும் என்றால், ஒரு கல்லூரி மாணவர் எழுதும் கடிதமும் அதில் அடங்கும். பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாக வந்து மறையும் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு கடிதம் எழுத நமது மாணவர் தோழர்களால் முடியாதா?

கணக்கு

நட்டஈடு என்பது இரக்கத்தைப் பொறுத்தது என்று நம் மக்களை நம்ப வைத்திருக்கிறார்கள். அது பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய பெருக்கல் கணக்கு. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 விழுக்காடு. வயது கூடக்கூட எண் குறையும். 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17.

நாளுக்கு 500 ரூபாய் வீதம் 26 நாள் வேலை பார்த்த 35 வயதுக்காரர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 13,000. பாதி 6,500. அதை 197.06-ஆல் பெருக்கினால் 12,80,890 ரூபாய். இப்போது காண்டிராக்டரின் மஸ்டர் ரோலில் அவர் சம்பளம் 7,000 என்று இருக்கிறது. தொகை 6,89,710-க்கு இறங்கிவிடும். ஒரு பொய் எழுத்தால் பறிபோவது 5,91,180 ரூபாய். பிணவறை வாசலில் பேசிய ஒரு லட்சத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வவுச்சரில் எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது புரியும். சங்கத்தின் வேலை விபத்துக்குப் பிறகு தொடங்குவதல்ல என்பதும் புரியும். யார் எந்த சைட்டில், எந்த மேஸ்திரியிடம், என்ன கூலிக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாராவாரம் எழுதிவைக்கும் சங்கம்தான் நாளைக்கு ஆணையர் முன் வாய் திறக்க முடியும். கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 8,000 ஆக இருந்ததை 2020 ஜனவரி 3 அறிவிப்பு 15,000 ஆக்கியது. இந்த வரம்பே எடுபட வேண்டும் என்பது நமது கோரிக்கையாக இருக்க வேண்டும்.

கை, விரல், கண் போனால் சட்டத்தின் அட்டவணையில் விழுக்காடு போட்டிருக்கிறது. கட்டை விரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, ஒரு கை போனால் 60. மேலே சொன்ன அதே சம்பளத்தில் 30 வயதுத் தொழிலாளிக்குக் கட்டை விரல் போனால் 4,86,673 ரூபாய் வரும். துணிக் கட்டோடு வீட்டுக்கு அனுப்பி 'பத்தாயிரம் வச்சுக்கோ' என்று சொல்லும் முதலாளிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். நமக்குத்தான் தெரியாது.

அட்டவணையோடு நின்றுவிடவும் கூடாது. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 1976 சட்ட இதழ்களில் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு அது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு ஊனம் என்றது தீர்ப்பு. உடம்பில் எவ்வளவு போனது என்பதைவிட, செய்துகொண்டிருந்த வேலையில் எவ்வளவு போனது என்பதே கேள்வி. மருத்துவச் சான்று வாங்கப் போகும்போது சங்கத் தோழர் கூடப் போக வேண்டும். அந்த ஆள் செய்யும் வேலை என்ன, எத்தனை கிலோ தூக்குவார், எத்தனை மணி நேரம் நிற்பார் என்று டாக்டருக்கு விளக்க வேண்டும். நம்மாட்கள் செய்யும் வேலையைத் தன் வாழ்நாளில் பக்கத்தில் நின்று பார்த்திராத டாக்டர்கள் அநேகம்.

படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கும் உரிமை உண்டு. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு. அதாவது அரைச் சம்பளம். கந்துவட்டிக்காரனிடம் குடும்பம் போய் நிற்பது இந்த நாட்களில்தான். பட்டினியில் கிடப்பவன் எந்தச் சமரசத்துக்கும் தலையாட்டுவான். ஆகவே இந்த அரைச் சம்பளத்தை முதலில் கேட்டு வாங்குவதே பெரிய வழக்கைக் காப்பாற்றும் வழி.

முதலாளியின் நாலு பொய்

'அவன் என் ஆளே இல்லை, காண்டிராக்டர் ஆள்.' இது முதல் பொய். தன் தொழிலுக்கான வேலையைக் காண்டிராக்டர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளியும் நட்டஈட்டுக்குப் பொறுப்பு. கொடுத்துவிட்டு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் இருவரையும், காப்பீட்டு நிறுவனம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். நகராட்சி, குடிநீர் வாரியம், ரயில்வே என்று அரசே முதன்மை முதலாளியாக இருக்கும் இடங்களில் இந்தப் பொய்யை அரசே சொல்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

'தினக்கூலிதானே, ரெண்டு நாளைக்கு வந்த ஆளு.' இரண்டாவது பொய். தற்காலிக வேலையாட்களை விலக்கிவைத்த பகுதி 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சட்டத்திலிருந்து போய்விட்டது.

'குடிச்சிருந்தான்.' இது மூன்றாவது. நம் மக்கள் செத்தால் தவறாமல் வரும் பொய். பிணப் பரிசோதனைக்கு முன்பே சொல்லப்படும், சேரிக்காரன் என்றால் எவரும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது? 1995 திருத்தத்துக்குப் பிறகு, மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் குடியை முதலாளி ஒரு வாதமாக எடுக்கவே முடியாது. மற்றக் காயங்களிலும், குடியின் நேரடி விளைவாகவே விபத்து நடந்தது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான். இந்த ஒரு வரியைச் சங்கத் தோழர் மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பாதிப் பஞ்சாயத்துகளில் எதிராளியின் வாய் அடைபடும். விஷவாயுக் குழியில் இறங்குவதற்கு முன் ஒருவன் ஏன் குடிக்கிறான் என்ற கேள்வியைக் கேட்காத சமூகத்துக்கு அவன் குடித்ததைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது.

'அதான் பணம் கொடுத்துட்டோமே, எழுதிக் கொடுத்துட்டாங்க.' நாலாவது பொய். இறந்தவர் குடும்பத்துக்கான நட்டஈட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது நட்டஈடு ஆகாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். பிணவறை வாசலில் ரேகை வைத்த தாளைக் கண்டு பயந்து வழக்கையே போடாமல் விட்ட குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். விபத்து நடந்து இரண்டு ஆண்டு ஆகவில்லையென்றால் இப்போதே போய்ப் பாருங்கள்.

வேறு கதவுகள்

ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொழிலாளி நட்டஈட்டு ஆணையரிடம் போக முடியாது. அவருக்கு ஈ.எஸ்.ஐ. வழியேதான் பலன். சம்பளத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு என்ற கணக்கில் ஊனமுற்றவருக்கு உதவித்தொகை, இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் தொகை. முதலாளி பெயரைப் பதியாமலே வேலை வாங்கியிருந்தாலும் கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழியிருக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நிறுவனம் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறதா? தவறான கதவைத் தட்டினால் ஆண்டுகள் வீணாகும். வேலைக்காக லாரியில் போய் விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டம் அல்லது நட்டஈட்டுச் சட்டம், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். எது கூடுதல் தரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு எடுங்கள். நல வாரிய உதவித்தொகை வேறு, முதலாளி தர வேண்டிய நட்டஈடு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க விடாதீர்கள்.

மலக்குழி மரணத்துக்குத் தனிக் கதவு இருக்கிறது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சம் ஆனது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். இதோடு 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் உண்டு. பணம் வாங்கித் தந்ததோடு சங்கம் வழக்கைக் கைவிட்டால், இறக்கிவிட்டவன் அடுத்த குழிக்கு அடுத்த ஆளைத் தேடுவான்.

மெல்லக் கொல்லும் விபத்தும் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போன நம் முன்னோர்கள் அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழைப் படித்தார்கள், சங்கம் கண்டார்கள், கல்தூசியை நுரையீரலில் சுமந்துகொண்டு செத்தார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது, தூசி மூடப்படவில்லை. இன்று அது கிரஷர்களில் பறக்கிறது. சிலிகோசிஸ், தோல் தொழிற்சாலைகளின் குரோமிய நோய்கள் இரண்டும் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. வேலையை விட்ட பிறகு நோய் தெரியவந்தாலும் கோர முடியும். ஆனால் டாக்டர் 'டி.பி.' என்று எழுதி அனுப்பிவிடுகிறார். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அங்கேயே படுத்துத் தூங்கிய பத்துப் பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். இன்று நம் ஊர் ஆபத்துகளுக்கு வெளிமாநிலச் சேரிகளிலிருந்து ஆள் வருகிறார்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, குடும்பம் வசிக்கும் இடத்திலும் கோரிக்கை மனுப் போடலாம். உடலை விமானத்தில் ஏற்றி அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைக்காமல், ஆவணங்களைத் திரட்டி அவர்கள் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புவது நமது வேலை. மொழி தெரியாதவன் என்பதால் அவன் நமக்கு அந்நியனாகிவிடுவானா?

நம்மைப் பற்றியும்

கடைசியாக, கசப்பான ஒன்று. நட்டஈட்டில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று 'சங்கச் செலவு' பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காண்டிராக்டரிடம் தனியாக ஒரு கவர் வாங்கிக்கொண்டு குடும்பத்தைச் சமாதானம் செய்பவர்களும் இருக்கிறார்கள். செத்தவன் சேரிக்காரன், பேரம் பேசுகிற சங்கத் தலைவர் ஊர்க்காரர் என்றால் பேரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. வர்க்கம் பேசும் சங்கங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் சங்கங்களும்தான். விதி எளிமையானது. பணம் ஆணையர் மூலமாக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது என்பதைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

அவளிடம் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மாமனார், கொழுந்தன், ஊர்ப் பெரியவர், சங்கத் தலைவர் என்று ஆண்கள் கூடி முடிவெடுத்துவிட்டு அவளிடம் ரேகை வாங்குவது முதலாளி செய்யும் அதே வேலை. கல்யாணப் பதிவு இல்லை என்று அவளை விரட்டப் பார்ப்பார்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அக்கம்பக்கத்தார் சாட்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுக்க நாம்தான் இருக்கிறோம்.

வழக்கு இழுக்கும். விசாரணையை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தம் எழுதியது, நடப்பது வேறு. வாய்தாவுக்கு வாய்தா பேருந்துக் காசு போட்டு, கூலியை விட்டு வருகிறவள் நாலாவது வாய்தாவில் சோர்ந்துவிடுவாள். அன்று அவளோடு போய் நிற்பதற்குப் பெயர்தான் பிரதிநிதித்துவம். தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கச் சொல்லி மனுப் போடலாம். தாமதத்துக்கு வட்டியும், காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதமும் கேட்கலாம். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முதலாளி முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தோழர்கள், ஒரு மாணவர், ஒரு நோட்டுப் புத்தகம். இதிலிருந்து தொடங்குவோம். அடுத்த முறை பிணவறை வாசலில் முத்திரைத் தாள் நீளும்போது, அதைத் தடுத்து நிறுத்தி 'கணக்குப் போட்டுப் பார்ப்போம் வாங்க' என்று சொல்ல அங்கே நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும்.